ஓவசியர் மறிச்ச சைக்கிள்

ஓடாதேங்கோ தம்பி, ஓடாதேங்கோ! மிதிக்க மிதிக்கத்தான் அதுகளுக்கு உசார் கூடும். இறங்குங்கோ. ஓம், இறங்கிச் சைக்கிளை நடுவில பிடியுங்கோ. அதுகள் அந்தப் பக்கம், நீங்கள் இந்தப் பக்கம். ஆ, அப்பிடித்தான். முகத்தைப் பாக்காதேங்கோ. ஐயோ, கல்லெடுக்கக் குனியாதேங்கோ. மெல்ல உருட்டிக்கொண்டு இஞ்சால வாங்கோ, படலை திறந்துதான் கிடக்கு. அடி வெள்ளைச்சி, தள்ளு! ஜிம்மி, உனக்குச் சொன்னாக் கேக்காதோ? வாங்கோ, பயப்பிடாதேங்கோ, கடிக்காதுகள். கடிக்கிறதெண்டா இவ்வளவு நேரம் பாத்துக்கொண்டு நிக்குமே?

அட, முழங்கால் உரஞ்சிப் போச்சு. மதகடியில விழுந்தனீங்களோ? அதில எல்லாரும் விழுறவை, அது புதினமில்லை. சைக்கிளை அந்த வேம்பில சாத்துங்கோ. இல்லையில்லை, றோட்டில விட வேண்டாம், உள்ளுக்குக் கொண்டு வாங்கோ. வெளியில விடுற சைக்கிளுக்கு நான் பொறுப்பில்லை, முன்னமே சொல்லிப்போட்டன்.

யதுர்சிகா! பிள்ளை யதுர்சிகா! இஞ்ச ஒரு தம்பி வந்திருக்கிறார், நாய் துரத்தி விழுந்து போனார். ஓம், ஓவசியர்தான். மூண்டும்தான் துரத்தினதுகள். என்ன பாத்துக்கொண்டு நிக்கிறாய்? ஓம், சைக்கிள்தான். பச்சைச் சைக்கிள். நீ போய்த் தேத்தண்ணியை வை. பெரிய கேத்திலில வை, விளங்குதே? பெரிய கேத்தில். கெதியாப் போ.

நீங்கள் முதல் கிணத்தடிக்குப் போய்க் காலைக் கழுவிக்கொண்டு வாங்கோ தம்பி. வாளி அதிலதான் கிடக்கு. ஆறுதலாக் கழுவுங்கோ, புண்ணுக்க மண் கிடந்தாக் கூடாது. சைக்கிளை நான் பாத்துக்கொள்ளுறன்.

வந்திட்டியளோ? இந்தக் கதிரையில இருங்கோ. கொஞ்சம் ஆடும், ஆனா விழுத்தாது. எங்க போறியள்? வெட்டு மெசினுக்கோ? ஓ, அந்தக் கடைசி வயலுகளில நிக்கிற மெசின். அவை இப்பத்தான் அந்தப் பக்கம் இறங்கினவை, வெயில் ஏறாமல் ஒண்டும் வெட்ட மாட்டினம். ஈர நெல்லை வெட்டி என்ன செய்யிறது? நீங்கள் ஆறுதலாப் போகலாம். போனோ? எடுங்கோ, ஆனா இஞ்ச சிக்னல் கிடையாது, வயல் பக்கம்தான் கிடக்கும். எங்கட வீட்டில கிடக்கிற ஒரு போனும் மனுசனோட வயலுக்குப் போட்டுது. நவரத்தினம் எண்டு கேட்டாத் தெரியும், கட்டுக்கரைக் குளத்துத் தண்ணியில செய்யிற ஆக்களுக்கெல்லாம் அவரைத் தெரியும். நான் மனோன்மணி. என்னைக் கேட்டா ஒருத்தருக்கும் தெரியாது.

சைக்கிள் மன்னார் ரவுணில வாங்கினதோ? தெரிஞ்ச பெடியனிட்டயோ. அப்பிடியே. பெயின்ற் அவரே அடிச்சுத் தந்தவரோ? நல்லாத்தான் அடிச்சிருக்கிறார், மணிக்கும் சேத்து அடிச்சிருக்கிறார். பழைய காலத்துப் பாரச் சைக்கிள் என்ன, இப்ப இந்த உரத்தில வராது.

ஓ, நாயளைக் கேட்டனீங்கள். அந்தக் கறுவல்தான் ஓவசியர். பேர் வச்சது என்ர மனுசன். முந்தி குளத்து வேலைக்கு ஒரு ஓவசியர் வந்தவராம். குடையைப் பிடிச்சுக்கொண்டு கட்டில நிண்டு ஆரார் என்ன செய்யினம் எண்டு பாப்பாராம், தான் ஒரு மண்வெட்டியையும் தொட மாட்டாராம். இவனும் அந்த வேலைதான் செய்யிறான். எங்கட நாய் எண்டு சொல்லேலாது, றோட்டு நாய். சோறு இஞ்ச, படுக்கை மதகடியில, குணம் தன்ரபாட்டில.

இந்த றோட்டில சைக்கிளில வாற எல்லாருக்கும் நடக்கிறதுதான் தம்பி, நீங்கள் வெக்கப்படாதேங்கோ. ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு வித்தை வச்சிருந்தவை. தபால்காரர் ரெண்டு காலையும் தூக்கி ஹாண்டிலில வச்சுக்கொண்டு சறுக்கிப் போவார். நல்ல வித்தைதான், ஆனா மதகு ஏத்தத்தில சைக்கிள் நிண்டிடும். காலை எங்க வைக்கிறதெண்டு யோசிக்க முன்னம் மனுசன் வாய்க்காலுக்க. ஊர்க் கடிதமெல்லாம் இந்த வேலியில காயப்போட்டுக் குடுத்திருக்கிறன். மிட்வைவ் மிஸ் குடையை விரிச்சுக் காட்டுவா. நாயள் பயந்தது உண்மைதான். ஆனா சோளகக் காத்துக்குக் குடை ஒரு பக்கம், சைக்கிள் ஒரு பக்கம், மிஸ் ஒரு பக்கம்.

பள்ளிக்கூடத்தில சயன்ஸ் படிப்பிக்கிற நௌபர் சேர்தான் பாவம். நாயின்ர எச்சில் பட்டா அவையின்ர மார்க்கத்தில ஏழு தரம் கழுவோணும், அதில ஒரு தரம் மண் போட்டு. அதுக்கெண்டே சைக்கிள் பாறில ஒரு போத்தில் தண்ணி கட்டிக்கொண்டு வருவார். மண்ணுக்கு எங்க போறது எண்டு நான் படலைத் தூணடியில ஒரு சிரட்டையில நல்ல மண் அரிச்சு வச்சிருப்பன். வந்து இறங்கி, களுசானை மடிச்சுப்போட்டு, ஆறுதலாக் கழுவி, போட்டு வாறன் அக்கா எண்டிட்டுப் போவார். நாயளை ஒரு சொல்லுக் கூடாமல் சொன்னதில்லை. படிப்பிச்சு வந்த பொறுமையாக்கும்.

ஏன் துரத்தப் பழகினதுகள் எண்டு கேட்டா, அது நாயின்ர பிழை இல்லை. யாகப்பர் அண்ணையின்ர பிழை.

யாகப்பர் அண்ணை எண்டா மீன்கார யாகப்பர். வங்காலை ஆள். விடியக் கரையில மீனை எடுத்துப் பெட்டியில போட்டு, சைக்கிளில கட்டி, ஹோர்ண் அடிச்சுக்கொண்டு இந்த வயல் ஊருகளெல்லாம் வருவார். நாங்கள் நெல்லு விதைக்கிற சனம், எங்களுக்குக் கடல் எண்டா அவற்ர பெட்டிதான். ஒருநாள் இந்த மூண்டும் குரைச்சுக்கொண்டு வர, பயத்தில ஒரு சூடை மீனைத் தூக்கி எறிஞ்சு போட்டார். நாயள் நிண்டிட்டுதுகள். அவர் நினைச்சார் தப்பிட்டன் எண்டு. நாயள் என்ன நினைச்சுதுகள்? துரத்தினா மீன் வரும். அடுத்த நாளும் துரத்த, அடுத்த நாளும் எறிய, பிறகு அது வரி மாதிரி நிரந்தரமாப் போச்சு. நாய்க்கு மீன் சைக்கிள், தபால் சைக்கிள் எண்டு வித்தியாசம் தெரியுமே? ரெண்டு சில்லு உருண்டாத் துரத்து, மீன் விழும். தபால்காரரைத் துரத்தேக்க அதுகள் கோவத்தில துரத்தேல்ல தம்பி. கேட்டுக்கொண்டு ஓடினதுகள்.

நான் சொன்னனான், அண்ணை, நீங்கள் எறியிறதாலதான் ஊர்ச் சனம் விழுந்து எழும்புது, நிப்பாட்டுங்கோ எண்டு. அவர் சொல்லுறார், நிப்பாட்டினா அதுகள் என்னோட கோவிக்கும் தங்கச்சி எண்டு. அவ்வளவு உறவாப் போச்சு. சூடை இல்லாத நாளில விளைமீனை அரிஞ்சு துண்டு போட்டிருக்கிறார். எனக்கு அரிஞ்சு தரச் சொன்னாக் கத்தி கொண்டு வரேல்ல எண்டுவார்.

பிறகு சுகாதாரக் கந்தோருக்கு எழுதிக் குடுத்தம். வந்தவை, ஊசி போட்டவை, கழுத்தில சிவப்புப் பட்டி கட்டினவை, போனவை. நல்ல வேலைதான், விசர் நாய்ப் பயம் இல்லாமல் போச்சு. ஆனா அடுத்த நாள் பட்டியோட துரத்துதுகள். முந்தி சும்மா நாய், இப்ப அரசாங்கத்தில பதிஞ்ச நாய்.

தேத்தண்ணியோ? வரும், வரும். பச்சை விறகு போல கிடக்கு. பொறுங்கோ.

யாகப்பர் அண்ணை இப்ப வாறேல்ல. அதைத்தான் சொல்ல வந்தனான். ஐப்பசியில ஒரு நாள், நான் இந்தப் படலையடியில நிண்டு மீன் தெரிஞ்செடுக்கிறன், பொத்துக்கொண்டு மழை. அண்ணை நனையாதேங்கோ, உள்ளுக்கு வாங்கோ எண்டு நான்தான் கூப்பிட்டன். இந்த விறாந்தையில, நீங்கள் இருக்கிற இதே கதிரையிலதான் இருந்தவர். மீன் பெட்டி மழையில நிக்குதெண்டு என்ர மூத்தவனை அனுப்பினன், யசோதரனை. அவன் ஓடிப்போய்ப் பெட்டியை அவிட்டுத் தூக்கிக்கொண்டு வந்தான். சைக்கிள் வேலியோட சாத்தினபடி நிண்டது. மழை விட்டுப் பாத்தா வேலி நிக்குது, சைக்கிள் இல்லை.

தேடாத இடமில்லை. வாய்க்காலுக்க இறங்கியும் தடவிப் பாத்தம். அவருக்கு அந்தச் சைக்கிள்தான் எல்லாம் தம்பி. பஸ்ஸில மீன் பெட்டி ஏத்தினாச் சனம் மூக்கைப் பொத்தும், கொண்டக்டர் இறக்கி விட்டிடுவார். இப்ப முருங்கன் சந்தையில ஒரு மூலையில குந்தியிருந்து, மற்றவை கொண்டு வாற மீனை அரிஞ்சு குடுக்கிறார். எனக்குக் கத்தி இல்லை எண்ட மனுசன்.

பொலிசுக்குப் போக வேண்டாம் எண்டுதான் அவர் சொன்னவர். ஊர் விதானையார்தான் முறைப்பாடு போடச் சொன்னது. போட்டா ஆரைக் கேப்பினம்? கடைசியாச் சைக்கிளைத் தொட்டவனைத்தான் கேப்பினம். யசோதரனுக்கு அந்தச் சைக்கிளில ஒரு கண் இருந்தது, நான் மறைக்கேல்ல. விக்கிறதெண்டா எனக்குத் தாங்கோ அண்ணை எண்டு எல்லாருக்கும் முன்னால பகிடியாக் கேட்டிருக்கிறான். அந்தப் பகிடியை ஊர் பிறகு சாட்சியாக் கொண்டு வந்தது. பொலிசில விடியப் போனவன் பொழுதுபட்டுத்தான் வந்தான். ஒருத்தரும் அடிக்கேல்ல, கேள்விதான் கேட்டவையாம். வந்து சாப்பிடேல்ல. தேப்பன் ஒருக்காக் கேட்டார், எடுத்தனீயோடா, எடுத்திருந்தாச் சொல்லு எண்டு. அதோட ரெண்டு பேருக்கும் கதை இல்லை. ஒரே வயலில நிண்டு வேலை செய்யினம், மம்பட்டியைத் தா எண்டு கேக்க வேணுமெண்டா நான் இஞ்சயிருந்து போகோணும்.

பிள்ளை பாவம் தம்பி. கோயிலடிக்கு அவன் வந்தாச் சனம் சைக்கிளுக்குப் பூட்டுப் போடுது. ஒரு சொல்லும் சொல்ல மாட்டினம், பூட்டிற சத்தம் மட்டும்தான் கேக்கும். அண்டைக்குப் பிறகு அவன் ஒரு சைக்கிளையும் தொடேல்ல. தேப்பன்ர சைக்கிள் பின்னுக்குக் கிடந்து கறள் பிடிக்குது, இவன் வயலுக்கும் கடைக்கும் நடந்து திரியிறான். ஆரோட சண்டை பிடிக்கிறது? சண்டை பிடிக்கிற மாதிரி ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லையே.

யாகப்பர் அண்ணையும் சொல்லேல்ல. தை பிறந்த கையோட ஒருக்கா பஸ்ஸில வந்து, ஒரு பையில மீன் கொண்டு வந்து தந்தவர். படலைக்கு வெளியில நிண்டு தந்தவர். உள்ளுக்கு வாங்கோ அண்ணை எண்டன். இல்லைத் தங்கச்சி, பஸ் போயிடும் எண்டார். பஸ் வர எவ்வளவோ நேரம் கிடந்தது. அதில அந்தப் புளியமரத்தடியில தனியக் குந்தியிருந்தார், நான் இஞ்சயிருந்து பாத்துக்கொண்டிருந்தன். ஏசியிருந்தாரெண்டாப் பறவாயில்லை.

ஏன் எழும்புறியள்? இருங்கோ. காலைத் தொங்கப் போட்டா இன்னும் வீங்கும்.

நாயளின்ர கதையை முடிக்கேல்ல பாருங்கோ. இந்த றோட்டில எல்லாரையும் துரத்தும் எண்டு முதல் சொன்னனே, அது முந்தின கதை. யாகப்பர் அண்ணை வராமல் விட்ட பிறகு கொஞ்ச நாள் எல்லாச் சைக்கிளுக்கும் ஓடினதுகள். கிட்டப் போய் மணந்து பாக்கும், மீன் மணம் இல்லை, திரும்பி வந்து படுத்திடும். பிறகு எழும்பிறதும் இல்லை. தபால்காரர் இப்ப ரெண்டு காலும் பெடலில வச்சுக்கொண்டுதான் போறார். நௌபர் சேர் போத்திலைக் கழட்டிட்டார், சிரட்டை மண்ணில கோழி கிளறுது. இந்த றோட்டில நாய் சைக்கிளைத் துரத்திக் கனகாலம் தம்பி.

இண்டைக்கு, உங்களுக்குத்தான் துரத்தினதுகள்.

நான் நெல்லுக் காயப்போட்டுக்கொண்டு நிண்டனான். ஓவசியர் மதகடியில படுத்திருந்தவன் தலையைத் தூக்கினான். தூக்கி, காத்தை ஒருக்கா இழுத்தான். பிறகு ஒரு ஊளை பாருங்கோ, செத்த ஆள் எழும்பி வந்தா வீட்டுக்காரர் வைக்கிற சத்தம் மாதிரி. மூண்டும் பறந்துதுகள். நீங்கள் பயத்தில பின்னுக்குப் பாக்கேல்ல, நான் பாத்தனான். மூண்டும் வாலை ஆட்டிக்கொண்டுதான் ஓடினதுகள். உங்கட காலுக்கு ஒண்டும் போகேல்ல. கரியருக்குத்தான் பாய்ஞ்சதுகள்.

இப்பவும் பாருங்கோ. நீங்கள் இஞ்ச இருக்கிறியள், உங்களை ஆரும் கவனிக்கினமே? மூண்டும் வேம்படியில சைக்கிளைச் சுத்திப் படுத்திருக்குதுகள். வெள்ளைச்சி கரியரை நக்கிறாள். பச்சை இரும்பில என்ன ருசி கிடக்கு?

நீங்கள் காலைக் கழுவப் போகேக்க நானும் போய்ப் பாத்தனான், சும்மா சொல்லக் கூடாது. கரியருக்குக் கீழ, சீற்றுக் கம்பிச் சுருளுக்க விரலை விட்டுத் தடவினன். சொரசொரவெண்டு கிடக்கு. நகத்தால கிளப்பினா, மீன் செதில் தம்பி. பெயின்ற் அடிச்ச பெடியன் கழுவாமல் செதிலுக்கு மேலயே அடிச்சிட்டார். ஒரு பக்கம் பச்சை, மற்றப் பக்கம் வெள்ளி. இந்தா, என்ர கையில கிடக்கு. பாருங்கோ.

இல்லை, நீங்கள் எடுத்தனீங்கள் எண்டு நான் சொல்லேல்ல. எடுத்தவன் இந்த றோட்டுக்கே வரமாட்டான், வந்தாலும் அந்தச் சைக்கிளில வரமாட்டான். உங்களைப் பாத்தா அவ்வளவு விசரனாத் தெரியேல்ல. வாங்கினது எண்டு சொன்னியள், நான் நம்புறன். அந்தப் பெடியன்ர பேரையும் நான் கேக்கேல்ல. எனக்குச் சொல்லி என்ன பிரயோசனம்? தாய்தானே, மகனுக்காகக் கட்டிச் சொல்லுறாள் எண்டு ஊர் சொல்லும்.

போறதெண்டாப் போகலாம் தம்பி, நான் ஒரு பொம்பிளை, உங்களை மறிச்சு வைக்கேலாது. ஆனா சைக்கிளில போறியள் எண்டா ஓவசியர் விடமாட்டான். நடந்து போறியள் எண்டாச் சைக்கிளை விட்டிட்டுப் போகோணும். அதுதான் சொல்லுறன், இருந்து தேத்தண்ணியைக் குடிச்சிட்டுப் போறதுதான் சுகம்.

என்ன, தேத்தண்ணி இன்னும் வரேல்லையோ? வராது தம்பி. அவள் அடுப்படியில இல்லை. பெரிய கேத்தில் எண்டு ஒண்டு எங்கட வீட்டில இல்லவே இல்லை, அப்பவே அவளுக்கு விளங்கிட்டுது. நீங்கள் வாளியைக் கிணத்துக்க விட்ட சத்தம் கேட்ட உடன பின்வேலியால பூந்து போட்டாள். வயலுக்குப் போய் தேப்பனைக் கண்டு, போனில விதானையாருக்குச் சொல்லி, யாகப்பர் அண்ணையைக் கூட்டிவரத் தமையனை ஓட்டோவில முருங்கன் சந்தைக்கு அனுப்பியிருப்பாள். கெட்டிக்காரி, என்னை மாதிரி வளவளவெண்டு கதைக்க மாட்டாள்.

பயப்பிடாதேங்கோ. அடிக்க ஒருத்தரும் வரேல்ல, நான் விடவும் மாட்டன். பொலிசுக்குப் போறதோ இல்லையோ எண்டது யாகப்பர் அண்ணையின்ர விருப்பம், சைக்கிள் அவற்ரதானே. எனக்கு நீங்கள் ஒண்டு மட்டும் செய்தாக் காணும். எல்லாரும் நிக்கேக்க, ஆரிட்ட வாங்கினது எண்டு வாயைத் திறந்து ஒருக்காச் சொல்லுங்கோ. என்ர மனுசனுக்கும் கேக்கத் தக்கதாச் சொல்லுங்கோ, அவருக்கு ஒரு காது கொஞ்சம் மந்தம். வேற ஒண்டும் வேண்டாம்.

ஓட்டோச் சத்தம் கேக்குதே? எனக்குக் கேக்கேல்ல, ஆனா ஓவசியர் எழும்பிட்டான். பாருங்கோ, சைக்கிளை விட்டிட்டு ஓடுறான். ஜிம்மியும். வெள்ளைச்சி, போடி நீயும் போ. ஆ, வருது. ஓட்டோவையும் துரத்திக்கொண்டு வருதுகள், இனி ஓட்டோக்காரருக்கும் கரைச்சல்தான்.

வாங்கோ விதானையார், வாங்கோ. அண்ணை, ஏன் கண் கலங்குறியள், இறங்குங்கோ, அதுகள் உங்களைத் தின்னப் போகுதுகள் போல கிடக்கு. இண்டைக்குப் படலையில நிக்கேலாது, சொல்லிப்போட்டன். உள்ளுக்கு வாங்கோ, உங்கட கதிரையில ஒரு தம்பி இருக்கிறார், அவர் எழும்பித் தருவார். இஞ்சருங்கோ, யசோவின்ர அப்பா, நீங்களும் அந்த வேலியோட நிக்காமல் கிட்ட வாங்கோ, தம்பி ஒரு கதை சொல்லப் போறார்.

யசோ, ஏன் மோனை றோட்டில நிக்கிறாய்? வா. இல்லை, உப்பிடி நிலத்தைப் பாத்துக்கொண்டு வர வேண்டாம், நிமிந்து வா. அந்தா வேம்படியில நிக்குது. நீயே பிடிச்சு உருட்டிக்கொண்டு போய் அண்ணையின்ர கையில குடு. ஓம், நீதான். தொடு மோனை. எல்லாரும் பாக்கட்டும்.

யதுர்சிகா, வந்திட்டியே? இனித் தண்ணியை வை பிள்ளை.

தம்பி, உங்களுக்குச் சீனி கூடவோ, குறையவோ?